நாடா தள்ளும் கை

அருள்கொடை என்றதும் நம் பங்குகளில் எல்லாருடைய கண்களும் மேடையை நோக்கியே திரும்புகின்றன. பரவசப் பேச்சும் குணமளித்தலும் உடையோர் தூய ஆவியாரைப் பெற்றோராம். ஏனையோர் கைதட்டப் பிறந்தோராம்! இவ்வரிசையை வகுத்தவர் எவர்?

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில் இறை ஆவியால் நிரப்பப்பட்டவராகப் பெயர் சுட்டப்படுபவர் குருவல்லர், இறைவாக்கினரும் அல்லர். பெட்சலேல் என்னும் கைவினைஞர். 35ஆம் அதிகாரமோ நெசவாளரையும் அத்தகைய திறன் பெற்றோருள் சேர்க்கிறது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள். நெய்பவர் தனித்து இயங்க முடியாது. பக்கத்தில் அமர்ந்து ஒருவர் கரை நாடாவைத் தள்ள வேண்டும். அவர் கை பிசகினால் உடலும் கரையும் பிணையா. சேலையைப் புகழ்வோர் அவரைப் பற்றி வினவுவதில்லை. (அவ்விடத்தில் சிறுபிள்ளைகளை அமர்த்திய கொடுமைக்கு அருள்கொடை என்று நான் பெயர் சூட்டேன்.)

"அது வயிற்றுப் பிழைப்பு, பெட்சலேல் செய்ததோ திருக்கூடாரம்" என்பர் சிலர். புனித பவுல் கொரிந்து நகரில் கூடாரம் செய்ததும் பிழைப்புக்காகத்தான். அருள்கொடை ஒவ்வொருவருக்கும் பொதுநன்மைக்கென்றே அளிக்கப்படுகிறது என்று அவர் எழுதியதும் அக்கொரிந்தியருக்கே.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் கோட்பாட்டு விளக்கத்தில், எளிய, பரவலான கொடைகளையும் நன்றியுடன் ஏற்கப் பணித்தது. வியத்தகு கொடைகளை முன்பின் எண்ணாது நாடுவதைத் தடுத்தது. பேசத் தெரிந்தவர்க்கே பங்குப் பேரவையில் இருக்கை தருவோர் அவ்வேட்டின் 12ஆம் எண்ணை என்று படிப்பர்?