திருநங்கை ஆபரேஷன்: 40 நாள் போதுமா?

ஆந்திராவில் உள்ள நெல்லூர். 2022-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம்.

தங்கும் விடுதி ஒன்றில் ஓர் அறை. அந்த அறையில் ஓர் ஆபரேஷன் நடந்தது. படுத்திருந்தவருக்கு வயது 28. பெண்ணாக வாழவேண்டும் என்பது அவருடைய ஆசை. கத்தியைப் பிடித்தவர்கள் டாக்டர்கள் அல்ல. மருந்துக் கலவை பற்றிப் படிக்கும் மாணவர்கள்!

ரத்தம் கொட்டியது. உயிர் போய்விட்டது. மாணவர்கள் இருவரைப் போலீசார் கைது செய்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள், "இப்படியும் ஒரு பைத்தியமா?" என்று கேட்டார்கள். செத்துப்போனவர் பைத்தியம் அல்ல. உடல் ஒன்றாகவும் மனம் வேறாகவும் பிறந்துவிட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். இதை மனநோய் என்றுதான் உலக சுகாதார ஸ்தாபனமும் முன்பு எழுதி வைத்திருந்தது. பிறகு அதை மாற்றிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில், மனநோய்ப் பகுதியில் இது இல்லை.

அப்படியானால் அவர் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுதி அறைக்குப் போனார்? ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று இனி யாரும் கேட்க முடியாது. ஆனால், மற்றவர்கள் ஏன் போகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். பணம் இல்லை. வீட்டில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் நாலு பேர் சிரிப்பார்கள். காத்திருக்கப் பொறுமையும் இல்லை.

தாயம்மா கை

ஆஸ்பத்திரிகள் இந்த வேலையைச் செய்ய முன்வருவதற்கு வெகு காலம் முன்பே, திருநங்கைகளிடையே ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு "நிர்வாணம்" என்று பெயர். செய்பவர் "தாயம்மா". அவரும் ஒரு திருநங்கைதான்.

மயக்க மருந்து கிடையாது. எதிரே மாதாவின் படம். கத்தி ஒரே வீச்சில் இறங்கும். ஆண் உறுப்பும் விதைகளும் போய்விடும். ரத்தம் ஓடினால் ஓடட்டும் என்று விடுவார்கள். ஆண் ரத்தம் வெளியேறுகிறது என்று நம்பிக்கை! காயத்தில் சூடான எண்ணெய் விடுவார்கள்.

பிறகு 40 நாள் படுக்கை. கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது. ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. நாற்பதாம் நாள் மஞ்சள் நீர், புதுப்புடவை, பூஜை. வயதுக்கு வந்த பெண்ணுக்குச் செய்வது போலவே செய்வார்கள். பிழைத்தவர்களுக்குத்தான் இந்தச் சடங்கு. பிழைக்காதவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை.

இந்தக் காலத்திலும் கத்தி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் பட்டம் இல்லாதவர் செய்தால், அது குற்றம்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. அந்த 40 நாளும், கூட இருந்து கஞ்சி ஊற்றியவர்கள், காயத்தைக் கழுவியவர்கள், இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் வேறு திருநங்கைகள். பெற்ற தாய் கதவைச் சாத்திய பிறகு, "வா மகளே" என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான்.

டாக்டர்கள் வந்த கதை

மேல்நாட்டில் டாக்டர்கள் இதில் இறங்கியது 1930-ஐ ஒட்டி. 1931-ல் ஜெர்மனியில் டோரா ரிக்டர் என்பவருக்கு ஆபரேஷன் நடந்தது. அதே ஆண்டில் அதே நாட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட டென்மார்க் ஓவியர் லிலி எல்பே இறந்துபோனார்.

1952 டிசம்பரில் உலகமே பரபரப்பு அடைந்தது. அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த ஒருவர், டென்மார்க்குக்குப் போய் கிறிஸ்டின் ஜோர்கன்சன் என்ற பெண்ணாக மாறிவிட்டார் என்று நியூயார்க் பத்திரிகை முதல் பக்கத்தில் வெளியிட்டது. 1956-ல் மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரில், ஜார்ஜ் புரூ என்ற பிரெஞ்சு டாக்டர் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றைய ஆபரேஷன்களில் பெரும்பாலானவை அந்த முறையின் குழந்தைகளே.

அது என்ன முறை? ஆண் உறுப்பை வெட்டி எறிந்துவிடுவது அல்ல. அதன் தோலைப் பத்திரமாக உரித்து, சட்டைக் கையை உள்பக்கம் திருப்புவது போல் திருப்புகிறார்கள். மூத்திரப் பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஒரு பாதை உண்டாக்கி, அதற்குள் அந்தத் தோலைப் பொருத்துகிறார்கள். உணர்ச்சி நரம்பு உள்ள நுனிப் பகுதியைக் கொஞ்சம் காப்பாற்றி, பெண்ணுக்கு இருக்கும் இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். மூத்திரக் குழாயைச் சுருக்குகிறார்கள். இவ்வளவும் மயக்க மருந்து கொடுத்த பிறகு, பல மணி நேரம் நடக்கும்.

தோல் போதவில்லை என்றால், பெருங்குடலில் ஒரு துண்டு எடுத்துப் பாதை அமைப்பது உண்டு. தாயம்மாவிடம் போய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பெரும்பாலும் இந்த வழிதான் மிச்சம். தேவையான தோல் அன்றைக்கே போய்விட்டதே!

எது வேண்டும்?

எல்லாத் திருநங்கைகளும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா? வேண்டியது இல்லை.

2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லியது. ஒருவர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதை அவரே சொல்லலாம்; அதற்கு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்று கேட்பது சட்ட விரோதம் என்று தீர்ப்பு. ஆனால், 2019-ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இன்னொரு முடிச்சைப் போட்டது. திருநங்கை என்ற சான்றிதழுக்கு ஆபரேஷன் வேண்டாம். "பெண்" என்று சான்றிதழ் வாங்க ஆபரேஷன் வேண்டும் என்றது. ஒரு காகிதத்துக்காகக் கத்திக்கு உடம்பைக் கொடுக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

சிலருக்கு மாத்திரை, ஊசி போதும். சிலர் விதைகளை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். சிலர் வெளித்தோற்றம் பெண்போல் இருந்தால் போதும், உள்ளே பாதை வேண்டாம் என்கிறார்கள். கணவனோடு குடும்பம் நடத்த விரும்புகிறவர்கள் முழு ஆபரேஷனுக்குப் போகிறார்கள். இதில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று இல்லை.

கேட்டவுடன் கத்தி எடுக்கும் டாக்டர் நல்ல டாக்டர் அல்ல. மனநல டாக்டர் பேசிப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பு, குறைந்தது ஆறு மாதமாவது பெண்மைச் சுரப்பு மருந்து சாப்பிட்டிருப்பது நல்லது என்று 2022-ல் உலக டாக்டர்களின் சங்கம் வகுத்த நெறிமுறை சொல்கிறது. பீடி, சிகரெட்டை நிறுத்தவேண்டும். புகைத்தால் தையல் சேராது. இன்னொன்று மிக முக்கியம். இதற்குப் பிறகு சொந்தக் குழந்தை பிறக்காது. அந்த ஆசை இருந்தால், முன்கூட்டியே விந்தை எடுத்துக் குளிரில் பாதுகாத்து வைக்க வழி இருக்கிறது.

தமிழகம் இதில் முந்திக்கொண்டது. 2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்துகொள்ள வழி பிறந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

வீடு திரும்பிய பிறகு

ஆபரேஷன் முடிந்தவுடன் பாதைக்குள் துணி அடைத்து வைப்பார்கள். மூத்திரம் போகத் தனிக் குழாய். சுமார் ஒரு வாரத்தில் இரண்டையும் எடுப்பார்கள். அதுவரை படுக்கைதான்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்!

புதிதாகத் தோண்டிய பாதையை மூடிவிட உடம்பு முயற்சி செய்யும். காது குத்திய துளை, கம்மல் போடாவிட்டால் தூர்ந்துபோகிறது அல்லவா? அதுபோல. ஆகவே, வழவழப்பான உருளை ஒன்றை டாக்டர்கள் கொடுப்பார்கள். "டைலேட்டர்" என்று பெயர். அதைப் பசை தடவி, மெதுவாக உள்ளே செலுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் ஒரே நாளில் பல தடவை. பிறகு படிப்படியாகக் குறையும். ஆனால் அடியோடு நிற்காது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் வாரம் ஒரு தடவையாவது வேண்டியிருக்கும்.

இதற்குத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். சுத்தமான தண்ணீர் வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் குடியிருக்கும் இடத்தில் என்ன செய்வது? ஆஸ்பத்திரி இலவசமாக இருக்கலாம். அறை இலவசமாகக் கிடைக்காது. "உள்ளே பாதை வேண்டாம்" என்று சிலர் முடிவு செய்வதற்கு, இதுவே காரணமாகிவிடுகிறது.

ஆறு முதல் எட்டு வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது. குடம் தூக்குவதும் பாரம்தான். கடை கடையாகக் கை நீட்டிப் பிழைப்பவர் இரண்டு மாதம் வெளியே போகாவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? ஆபரேஷனுக்கு முன்பே இதற்குப் பணம் சேர்க்கவேண்டும். தாம்பத்திய உறவுக்குச் சுமார் மூன்று மாதம் பொறுக்கவேண்டும். வீக்கம் முழுவதும் வடிய, சிலருக்கு ஓர் ஆண்டுகூட ஆகும். அழுகை வரும். "ஏன் செய்துகொண்டோம்?" என்று தோன்றும் நாட்களும் உண்டு. வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான்.

ரத்தம் நிற்காமல் போவது, காயத்தில் சீழ், காய்ச்சல், மூத்திரம் அடைப்பது, பாதை வழியே மலம் கசிவது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் ஆபத்து.

2021 ஜூலையில், கேரளாவில் பிரபலமாக இருந்த திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ் இறந்துபோனார். ஓர் ஆண்டுக்கு முன்பு செய்த ஆபரேஷன் கெட்டுவிட்டது, நீண்ட நேரம் நிற்கவோ வேலை செய்யவோ முடியவில்லை என்று அவர் சாவதற்கு முன்பு பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். அரசாங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

அப்படியென்றால் செய்துகொண்டவர்கள் எல்லாரும் வருந்துகிறார்களா? இல்லை. 2021-ல் வெளிவந்த ஒரு தொகுப்பு, 27 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 8 ஆயிரம் பேரில் வருந்தியவர்கள் 100-க்கு ஒருவர். பெரும்பாலும், நல்ல ஆஸ்பத்திரியில் யோசித்துச் செய்துகொண்டவர்கள் கணக்கு இது. விடுதி அறைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

காயம் ஆறிய பிறகும் டாக்டரை விட்டுவிட முடியாது. விதைகள் போய்விட்டதால் உடம்பில் சுரப்பு இல்லை. மருந்து சாப்பிடாவிட்டால் எலும்பு தேயும். ஆண்களுக்கு உள்ள புரோஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அதை யாரும் எடுப்பதில்லை. வயதான பிறகு அதிலும் புற்று வரலாம். ஆகவே, 60 வயதில் மூத்திரக் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் திருநங்கை, தன் பழைய ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். டாக்டரும் அதை முகம் சுளிக்காமல் கேட்டு, சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.