பழங்காசைத் துலக்கல் நன்றோ?

குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குதல் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆயின், பெட்டியடியிற் கிடந்த பழங்காசையும் அவ்வாறே துலக்குதல் தகாது என்பது எமது துணிபு. விளக்குக்கு வேண்டுவது ஒளி. காசுக்கு வேண்டுவது எழுத்து.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசுகளில் நந்தியின் கீழ்ச் ‘சேது’ என்னும் இரண்டே எழுத்துக்கள் உள. அவை யாழ்ப்பாணத்து அரசர் காசுகளே என்பதை 1920 ஆம் ஆண்டில் ஞானப்பிரகாச சுவாமிகள் எடுத்துக்காட்டினார். அவ்விரண்டு எழுத்துக்களையும் புளியும் சாம்பலும் தின்றிருப்பின், ஓர் அரசின் சான்று வெறுஞ் செப்புத் துண்டாய் ஒழிந்திருக்கும்.

புளியிலும் தேசிக்காயிலுமுள்ள அமிலம் களிம்பை மட்டும் கரைத்து நில்லாது, உலோகத்தையும் அரிக்கும். வெள்ளியின் கருமை கந்தகச் சேர்க்கையால் உண்டாவது. செம்பின்மேல் இறுகப் படிந்த பச்சை உள்ளுலோகத்துக்குப் போர்வை. இவற்றை அகற்றாதிருத்தலே நலம். வெளிறிய பச்சைத் தூளாய் உதிர்வதோ வேறு. உப்பின் குளோரைட்டு ஈரத்தோடு கூடிச் செம்பைத் தின்னும் நோய் அது. கடலும் களப்பும் சூழ்ந்த வாகரை மண்ணிற் கிடக்கும் காசுகளுக்கு இதுவே பெரும்பகை.

அழுக்கை நீக்காது எழுத்தை வாசிப்பது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். காசைச் சாய்ந்த ஒளியிற் பிடித்து நோக்கின், தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து தோன்றும். மண் ஒட்டியிருப்பின், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றுக. பின்னர்த் தேய்க்காது பருத்தித் துணியால் ஒற்றி, நன்குலர்த்திக் காகித உறையிலிடுக. விளிம்பைப் பற்றியே எடுக்குக. பச்சைத் தூள் காணின், அக்காசை உலர்ந்த பெட்டியில் தனியே வைத்துத் துறையறிந்தாரிடம் காட்டுக. இவற்றுக்கு மேற்பட்டது வீட்டிற் செய்யத்தக்கதன்று.

மண்ணிற் கண்டெடுத்த தொல்காசாயின், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கமைய அதனை உரியோர்க்கு அறிவித்தலும் கடன்.

2004 மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலையிலும், 2006, 2007 ஆம் ஆண்டுகளின் போரிலும் வாகரை மக்கள் உற்ற இழப்பை நாம் அறிவோம். ஓலையும் உறுதியும் படமும் இழந்த குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரு காசும் வரலாற்றேடே. ஆதலின், நம் கல்லூரி வரலாற்று ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் கற்பித்தல் வேண்டும். மாணவரும் தம் வீட்டுக் காசின் இருபுறத்தையும் படமெடுத்து, நிறையையும் கிடைத்த இடத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். மங்கிய காசு பின்னும் பேசும்; துலக்கியழித்த எழுத்து மீளாது.