பேரிக்காய்க்கும் ஒரு பெட்டி வேண்டும்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஆப்பிள் இருக்கும். ஈரானிலிருந்தோ துருக்கியிலிருந்தோ கடல் தாண்டி, 50 சதவீத இறக்குமதி வரியையும் சுமந்து வந்த ஆப்பிள். முதுகில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். மதுரையின் பழக்கடைகளில் அதற்குத்தான் முன்வரிசை. சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் விளைந்த பேரிக்காய்க்கு, கடையில் இடம் கிடைத்தால் ஓரத்துக் கூடை.

சத்தைப் பார்த்துத் தந்த மரியாதையா இது? இல்லை. 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல். நோயாளிக்கு வைட்டமின் சி சேர வேண்டுமென்றால் கொய்யாவைத்தான் வாங்கிப் போக வேண்டும்! நார்ச்சத்திலும் பேரிக்காய் ஆப்பிளுக்கு ஒரு படி மேல். தோலோடு கடித்தால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம். பேரிக்காயிலும் பிளம்ஸிலும் இருக்கும் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகை குடலை இளக்கும். மலச்சிக்கல்காரர்களுக்கு இவை நல்ல துணை.

ஆப்பிளின் மதிப்பு, அதற்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடுகளில் இருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்து இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916இல் இமாச்சலின் கோட்கரில் ரெட் டெலிசியஸ் கன்றுகளை நட்டார். பின்னாளில் சத்யானந்த் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார். ஆனால் கன்று நட்டதால் மட்டும் இமாச்சல் ஆப்பிள் மாநிலமாகிவிடவில்லை. 1974இல் எச்.பி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் வந்தது. ஆலங்கட்டி மழையில் அடிபட்டதும் உருவம் கோணியதுமான பழங்களை, அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் அது விலை கொடுத்து வாங்குகிறது. பர்வானு ஆலையில் சாறாகக் காய்ச்சுகிறது. குளிர்பதனக் கிடங்கில் ஆக்சிஜனைக் குறைத்து வைத்தால், புரட்டாசியில் பறித்த ஆப்பிள் சித்திரையிலும் மொறுமொறுப்பு மாறாமல் விற்பனைக்கு வரும். பெட்டிக்காகக்கூட அங்கே பெரிய சண்டை நடந்தது. ஒரே பெட்டிக்குள் கூடுதல் பழத்தைத் திணித்து வியாபாரிகள் லாபம் பார்க்கிறார்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2024இல் ஒரே அளவுப் பெட்டி கட்டாயமானது.

நம் மலைகளுக்கு வருவோம். கொடைக்கானலில் வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டிப் பக்கம் கோடையில் பிளம்ஸ், அது ஓய்ந்ததும் பேரிக்காய். நீலகிரியிலும் இவை உண்டு. குன்னூரில் பழவியல் நிலையம் தொடங்கியது 1920இல். ஆண்டுதோறும் மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. பழங்களை யானையாகவும் மயிலாகவும் அடுக்கிவைத்துப் படமெடுத்துக்கொள்கிறோம். அடுக்கிய பழம் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு.

இங்கே விளையும் பேரிக்காய் ரகங்களில் ஒன்று கீஃபர். கெட்டியான சதை, சற்று நறநறப்பு. வெட்டிப் பாகில் போட்டு டின்னில் அடைக்கவே ஏற்றது என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ரகம். அதை நாம் சுற்றுலாச் சாலையோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று முடித்துவிடுகிறோம். அதன் ருசியே தனி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மலையின் விளைச்சல் முழுவதையும் சுற்றுலாப் பயணிகளின் நாக்கை நம்பி விட முடியாது. காய்ப்பு கூடிய ஆண்டில் விலை சரியும். பறிகூலியும் வண்டி வாடகையும் போக, மரத்துக்காரர் கையில் நிற்பது சொற்பம்.

இன்னொரு கணக்கும் உண்டு. டெலிசியஸ் வகை ஆப்பிள் மரம் பூக்க, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரமாவது உறங்க வேண்டும். வெப்பம் ஏற ஏற, இமாச்சலில் ஆப்பிள் கின்னௌர், லாகௌல் என்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கீஃபருக்கு அத்தனை குளிர் தேவையில்லை. வரப்போகும் வெயிலைத் தாங்கும் தெம்பு அதற்குக் கூடுதல்.

குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழம் பதப்படுத்தும் நிலையம் ஏற்கெனவே ஜாமும் பழரசமும் தயாரிக்கிறது. அதே வேலையைக் கொடைக்கானல் மலையில் பெரிய அளவில் தொடங்க வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, தரம் பிரித்து அடைக்க ஒரே அளவுப் பெட்டி, அடிபட்ட காய்க்கும் ஒரு குறைந்தபட்ச விலை. இமாச்சல் ஏற்கெனவே செய்துவரும் வேலைதான் இது. அடுத்த பேரிக்காய்ப் பருவத்துக்குள் பெட்டியையும் விலையையுமாவது தோட்டக்கலைத் துறை அறிவிக்கட்டும்.