உணவு அட்டையும் உண்டியல் பழக்கமும்



'சிறு துளி பெருவெள்ளம்' என்னும் பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் நாம் சலிக்காமல் கற்பிக்கிறோம். கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் உண்டியலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுவார்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று இன்னொரு பழமொழியும் நம்மிடம் உண்டு. அதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதலாவது சேர்க்கச் சொல்கிறது. இரண்டாவது செலவிடும்போதும் அளவு வேண்டும் என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறியாத பிள்ளை பிற்காலத்தில் எங்கே தடுமாறுகிறது என்பதைப் பல்கலைக்கழக உணவுத் திட்டத்தைச் சான்றாகக் கொண்டு இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2025-ஆம் ஆண்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சாரா உதவியாக 100 ரிங்கிட் மைகாட் அட்டையிலேயே சேர்க்கப்பட்டது. ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரையில், குறிப்பிட்ட கடைகளில், குறிப்பிட்ட வகை அடிப்படைப் பொருள்களை மட்டுமே அதைக்கொண்டு வாங்க முடிந்தது. நூறு ரிங்கிட் நோட்டு ஒன்றை அலமாரியில் வைத்தால் அடுத்த ஆண்டும் அது நூறு ரிங்கிட்தான். அட்டையில் இருந்த நூறு அப்படியன்று. அதற்கு நாள் வரம்பு உண்டு, இட வரம்பு உண்டு, பொருள் வரம்பும் உண்டு. பல்கலைக்கழக உணவு அட்டையில் இருப்பதும் இவ்வகைப் பணமே. வேறுபாடு ஒன்றுதான்: அதற்கான தொகையை முன்கூட்டியே கட்டியவர்கள் பெற்றோர்களாகிய நாம்.

உணவுத் திட்டம் எப்படி இயங்குகிறது?

உணவுத் திட்டங்கள் பெரிதும் வழக்கத்தில் உள்ள நாடு அமெரிக்கா. அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில், வளாக விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர் உணவுத் திட்டம் ஒன்றைக் கட்டாயம் வாங்க வேண்டும். அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தின் வழி இங்கே ஈராண்டும் அங்கே ஈராண்டும் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளும் இத்தகைய திட்டங்களைச் சந்திக்கிறார்கள். அண்டை நாடான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சில உறைவிடக் கல்லூரிகளில் உணவுத் திட்டம் கட்டாயம்.

அமெரிக்கத் திட்டத்தில் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, வேளைக் கணக்கு. மாணவர்கள் இதை 'ஸ்வைப்' என்பார்கள். உணவுக்கூடத்தின் வாயிலில் அட்டையைத் தேய்த்தால் ஒரு வேளை கழியும். உள்ளே சென்றபின் வயிறார உண்ணலாம். மற்றொன்று, 'டைனிங் டாலர்' போன்ற பெயர்களில் வழங்கும் செலவுத் தொகை. வளாகத்திலுள்ள காப்பிக் கடை, சிற்றுண்டிக் கடை போன்றவற்றில் விலைக்கு ஏற்ப அது கழியும்.

வேளைக் கணக்கிலும் இருவகை உண்டு. சில திட்டங்களில் வாரத்திற்கு இத்தனை வேளை என்று தருவார்கள். வாரம் முடிந்ததும் உண்ணாத வேளைகள் அழிந்து, கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வேறு சில திட்டங்களில் பருவம் முழுமைக்கும் ஒரே தொகுதியாகத் தருவார்கள். செலவுத் தொகையைப் பொறுத்தவரை, முதற்பருவத்து மீதியை இரண்டாம் பருவத்திற்குக் கொண்டு செல்ல பல இடங்களில் இடமுண்டு. ஆனால், கல்வியாண்டு முடிந்ததும் அது பெரும்பாலும் காலாவதியாகிவிடும்.

இங்குதான் உண்டியல் பழக்கம் நமக்கே பகையாகிறது. வாரக் கணக்குத் திட்டத்தில் சிக்கனமாக இருக்கும் மாணவன் எதையும் சேமிக்கவில்லை. தன் தந்தை கட்டிய பணத்தை வாரந்தோறும் இழக்கிறான்.

வகுத்தல் கணக்கு ஒன்று

எடுத்துக்காட்டாக ஒரு திட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பருவத்திற்கு 150 வேளை உணவும் 300 டாலர் செலவுத் தொகையும் சேர்த்து விலை 2,400 டாலர். செலவுத் தொகையைக் கழித்தால் 2,100 டாலர். அதை 150-ஆல் வகுத்தால் ஒரு வேளைக்கு 14 டாலர்.

மாணவன் 110 வேளை மட்டுமே உண்டான் என்றால், கட்டிய தொகை குறையாது. ஒரு வேளையின் விலைதான் 19 டாலருக்கு மேல் ஏறிவிடும். பத்து டாலர் காப்பியையும் ரொட்டியையும் வெளியில் வாங்கிவிட்டு 'உணவுக்கூடத்தை விட மலிவு' என்று அவன் எண்ணலாம். உண்மையில் கட்டி முடித்த 14 டாலரை விட்டுவிட்டு, அதன்மேல் இன்னொரு பத்து டாலரைச் செலவழித்திருக்கிறான்.

இப்போது வாரக் கணக்கைப் பார்ப்போம். பருவம் 15 வாரம். நவம்பர் மாத நன்றி நவிலல் விடுமுறைக்கு ஒரு வாரம் உணவுக்கூடம் மூடப்படும் என்று கொண்டால் 14 வாரம். 150-ஐ 14-ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 10. அதாவது வாரம் பத்து வேளை. மிஞ்சிய பத்து தேர்வு வாரத்திற்கும் நண்பர் எவரையேனும் அழைத்து உண்பதற்கும். 300 டாலரை 14-ஆல் வகுத்தால் வாரத்திற்கு 21 டாலர், மீதி 6. ஏழாம் வார இறுதியில் அட்டையில் 80 வேளையும் 153 டாலரும் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கையை இறுக்க வேண்டும். கூடினால் தாராளமாக உண்ண வேண்டும். இவ்வளவே கணக்கு. மீதியுடன் வகுத்தல் நம் தொடக்கப்பள்ளிப் பாடம்தானே!

நாணய மாற்றையும் மறந்துவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 3.20 ரிங்கிட்டாக இருந்தது. 2024 பிப்ரவரியில் 4.80 ரிங்கிட்டை ஒட்டி வந்து நின்றது. வீணாகும் ஒவ்வொரு வேளையையும் ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்தால்தான் இழப்பு எவ்வளவு என்று நமக்கு உறைக்கும்.

கணக்குத் தெரிந்தும் தடுமாற்றம்

2024-ஆம் ஆண்டின் அக்டோபர் இறுதியில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் கைப்பேசியுடன் பள்ளிக்கு வந்தார். மகன் அமெரிக்காவில் படிக்கிறான். 'பேலன்ஸ் முடிந்துவிட்டது அம்மா' என்று செய்தி அனுப்பியிருக்கிறான். பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று பதறிய தாய், கையிலிருந்த காப்பை அடகு வைத்து அறுநூறு ரிங்கிட் அனுப்பிவிட்டார். மகன் பிறகு அனுப்பிய கணக்கறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால், அதைப் படித்துச் சொல்லுமாறு என்னிடம் கேட்டார்.

பார்த்தேன். முடிந்துபோனது செலவுத் தொகை மட்டும். வேளைக் கணக்கில் 72 வேளை அப்படியே இருந்தது. விடுமுறை வாரம் நீங்கலாக எஞ்சியிருந்தது நான்கு வாரம். வாரத்திற்குப் பதினெட்டு வேளை. நாளொன்றுக்கு இரண்டரை வேளைக்கும் மேல்! உணவு மலைபோல் இருக்க, பிள்ளை ரொட்டியும் காப்பியுமாகக் காலம் தள்ளியிருக்கிறான்.

காரணம் என்னவென்று அவனிடமே கேட்டோம். மாலை ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து வருவதற்குள் உணவுக்கூடம் மூடிவிடுகிறது. மாட்டிறைச்சி உண்ணாத வீட்டுப் பிள்ளை. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சம். ஆகவே, வகுப்பறைக்குப் பக்கத்துக் கடையே வசதியாகிவிட்டது. நண்பகலில் உணவுக்கூடத்திற்குச் சென்று நிறைவாக உண்ணலாம் என்றோ, பொட்டலமாக எடுத்துச் செல்லும் வசதி உண்டா என்று விசாரிக்கலாம் என்றோ அவனுக்குத் தோன்றவில்லை. இவன் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் கணிதத்தில் 'ஏ' பெற்றவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வகுக்கத் தெரியும். வாழ்க்கையில் எதை எதனால் வகுப்பது என்பதை யாரும் அவனுக்குக் காட்டித் தரவில்லை.

பெற்றோர்களுக்கு

நம் தாய்மார்கள் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, 'சாப்பிட்டாயா?' என்பது. அன்பு நிறைந்த கேள்விதான். ஆனால் அதற்கு எந்தப் பிள்ளையும் 'ஆம்' என்றுதான் பதில் சொல்லும். 'எத்தனை வேளை மீதம் இருக்கிறது? இன்னும் எத்தனை வாரம்?' என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை அட்டைக் கணக்கைத் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரியதே பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். பிள்ளையின் வகுப்பு அட்டவணையையும் உணவுக்கூடம் திறந்திருக்கும் நேரத்தையும் அருகருகே வைத்து, உண்மையில் எத்தனை வேளை உண்ண முடியும் என்று எண்ணுங்கள். சைவம் உண்பவர்கள், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். பருவம் தொடங்கிய சில வாரங்களுக்குள் திட்டத்தை மாற்றிக்கொள்ள பல பல்கலைக்கழகங்கள் இடந்தருகின்றன. அந்தக் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அனுமதி இருந்தால் சிறிய திட்டத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. போதாமற்போனால் செலவுத் தொகையை இடையில் கூட்டிக்கொள்ளலாம். கட்டிய பெருந்தொகையை இடையில் குறைப்பது அரிது.

'அங்கே வேலை செய்து சமாளித்துக்கொள்வான்' என்று சொல்வோரும் உண்டு. அமெரிக்க மாணவர் விசாவில் செல்பவர் கல்விப் பருவத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்த வேலை கிடைப்பதற்கும் உறுதியில்லை. ஆகவே, வருமானத்தைக் கூட்டுவதைவிட, கையிலுள்ளதை அளந்து செலவிடுவதே பிள்ளையின் ஆற்றலுக்கு உட்பட்டது.

இன்னொன்று. 2010-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள், தாங்கள் உண்ணாமல் விட்ட வேளைகளைப் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் முயற்சி ஒன்றைத் தொடங்கினார்கள். 'ஸ்வைப் அவுட் ஹங்கர்' என்னும் அந்த இயக்கம் பின்னர் வேறு பல வளாகங்களுக்கும் பரவியது. மிஞ்சினால் கொடுக்கலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, இல்லாதபோது கேட்பது இழிவன்று என்பதையும் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பசியைவிட வெட்கத்திற்கு அதிகமாக அஞ்சுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு

'தோட்டப்புறப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அமெரிக்கா போகப் போகிறார்கள்?' என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பி.டி.பி.டி.என். கடனுதவி பருவத்துக்குப் பருவம் மொத்தமாக வந்து சேர்கிறது. முதல் மாதம் விருந்து, கடைசி மாதம் மெகி என்னும் நிலை யாரும் அறியாததன்று. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.

நான் என் நான்காம் ஆண்டு வகுப்பில் செய்து பார்த்த ஒரு சிறு நடவடிக்கையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். திங்கட்கிழமை காலை ஒவ்வொரு மாணவருக்கும் பத்துத் துண்டுச்சீட்டுகள் கொடுத்தேன். ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிடம் பல்லாங்குழியோ சதுரங்கமோ ஆடலாம். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் சீட்டுகள் செல்லாது. இருபத்திரண்டு மாணவர்களில் ஆறு பேர் செவ்வாய்க்கிழமையே வெறுங்கையுடன் நின்றார்கள். நான்கு பேர் வெள்ளிக்கிழமை மதியம் ஏழெட்டுச் சீட்டுகளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுள் ஒரு சிறுமி, "டீச்சர், நீங்கதானே சேர்த்து வைக்கணும்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அந்த நடவடிக்கையே! அன்றுதான் இரண்டு பழமொழிகளையும் வெண்பலகையில் அருகருகே எழுதி, எது எப்போது பொருந்தும் என்று பேசினோம். அடுத்த வாரம் அதே பத்துச் சீட்டுகளை 'ஒரு நாளைக்கு இரண்டு' என்று அவர்களே வகுத்துக்கொண்டார்கள்.

இதற்குத் தனிப் பாடநூல் வேண்டாம். கூடுதல் நேரமும் வேண்டாம். பணம் என்னும் தலைப்பு கணிதப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் வாங்குவது, மீதிச் சில்லறை பெறுவது என்று நில்லாமல், 'இந்தத் தொகை இந்த நாள்வரை வர வேண்டும். நாள் கடந்தால் செல்லாது' என்னும் ஒரு நிபந்தனையைக் கேள்வியில் சேர்த்தால் போதும். பெற்றோரும் வீட்டில் அன்றாடம் இரண்டு மூன்று ரிங்கிட் கொடுப்பதற்குப் பதிலாக, நான்காம் ஆண்டிலிருந்தாவது வாரச் செலவை ஒரே முறையாகக் கொடுத்துப் பார்க்கலாம். புதன்கிழமை தீர்ந்துவிட்டால் வீட்டு உணவைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள், காசைக் கூட்டாதீர்கள். பத்து வயதில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஏற்படும் தட்டுப்பாடு இரண்டு நாளில் ஆறிவிடும். இருபது வயதில், கடல் கடந்த ஊரில் ஏற்படும் தட்டுப்பாட்டுக்கு ஒரு தாயின் காப்பு விலையாகிறது.

சேமிக்கக் கற்பித்தோம், மகிழ்ச்சி. இனி, அளந்து செலவிடவும் கற்பிப்போம். தங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இத்தகைய முயற்சி எதையேனும் செய்து பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.