அடுப்பு முன்னால் நிற்காத ஒரு மணி நேரம்

சமையல் குறிப்புகளில் 'தயாராகும் நேரம்' என்று போட்டிருப்பதை நம்பி இரவுச் சாப்பாட்டைத் திட்டமிடுகிறவர்கள் ஏமாந்துபோவது வழக்கம். அரை மணி என்று போட்டிருக்கும். அது கரண்டியும் கையுமாக அடுப்பு முன்னால் நிற்க வேண்டிய அரை மணியா, பாத்திரத்தை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கக்கூடிய அரை மணியா என்று குறிப்பு சொல்லாது. வேலைக்குப் போய்விட்டு வந்து உலை வைக்கிற வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டியது நிற்கும் நேரத்தைத்தான். அந்தக் கணக்கில், கறியையும் அரிசியையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் சோறு, குழம்பு, வறுவல், சாதம் என்று மூன்று பாத்திரம் ஏற்றி இறக்கும் சமையலைவிட வாரநாள் இரவுக்குப் பொருத்தமானது. கேக் செய்ய ஆசைப்பட்டு வாங்கி, இப்போது முறுக்கு டப்பாவை வைக்கும் இடமாகிவிட்ட ஓடிஜி என்னும் மின் ஓவன் பல வீடுகளில் இருக்கிறது. அதை இந்த வேலைக்கு இழுக்கலாம்.

யார் நிற்கிறார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299, 97. ஐந்து ஆண்டுகளில் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்ததால் இடைவெளி அப்படியே நிற்கிறது. கூட்டுவதும் துவைப்பதும் இதில் அடக்கம் என்றாலும், தள்ளிப்போட முடியாத வேலை சமையல் ஒன்றுதான். ஆண்கள் ஒதுங்குவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், 'எனக்குப் பக்குவம் தெரியாது.' இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பச்சை வாசனை போக வேண்டும், எண்ணெய் பிரிய வேண்டும், ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும் என்று நம் சமையல் அறிவு கண்ணிலும் மூக்கிலும் இருக்கிறது. பல ஆண்டுகள் அடுப்படியில் புழங்கியவருக்கே அது கைவரும். ஓவன் அந்த அறிவில் பெரும்பகுதியை ஒரு திருகு, ஒரு கடிகாரம் என்று இரண்டு எண்களாக்கிவிடுகிறது. 180 டிகிரி, 45 நிமிடம் என்று எழுதி வைத்தால் கல்லூரியில் படிக்கும் பையனும் செய்துவிடலாம். தெரியாது என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

செய்முறை எளிது, ஆனால் விட்டுவிடக்கூடாத சில காரியங்கள் உண்டு. எலும்போடு கூடிய கோழித் தொடைக்கறி அரைக் கிலோவை இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் தயிர் சேர்த்துப் பிசறி வைக்க வேண்டும். சீரகச் சம்பா இரண்டு கப் கழுவி இருபது நிமிடம் ஊறட்டும். நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் புரட்டி, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் பரப்பி, ஓவன் சூடாகும்போதே உள்ளே வைத்துவிட்டால் தனியாக வதக்கும் வேலை மிச்சம். வெங்காயம் நிறம் மாறியதும் கறி, அதன்மேல் வடித்த அரிசி, பட்டை, கிராம்பு, மூன்று கப் கொதிக்கும் தண்ணீர். கொதிக்கும் என்பதை அடிக்கோடிட வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடேறவே பாதி நேரம் போய், அடிச்சோறு குழைந்து மேல்சோறு விதையாக நிற்கும். வாயை அலுமினியத் தாளால் இறுகக் கட்ட வேண்டும். ஓவனுக்குள் இருப்பது வறண்ட சூடு. ஆவி வெளியேறினால் மேலே உள்ள அரிசி காய்ந்துவிடும். கண்ணாடித் தட்டில் கொதிநீர் ஊற்றுவது ஆபத்து, விரிசல் விடலாம். நெஞ்சுக்கறியும் வேண்டாம், அரிசி வேகும் நேரத்தில் அது சக்கையாகிவிடும். தொடையில் இருக்கும் சவ்வு அதே நேரத்தில் இளகிச் சோற்றில் இறங்கும். வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் திறக்காமல் விட வேண்டும். கை வேலை எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்தைத் தாண்டாது.

இது வெள்ளைக்காரச் சாப்பாடு, நமக்கு ஒட்டாது என்பார்கள். ஆம்பூரில் தம் போடும்போது மூடியின் மேல் தணலை அள்ளிப் போடுவது எதற்கு? கீழும் மேலும் ஒரே சீராகச் சூடு பிடிக்க. ஓவன் செய்வதும் அதுதான், சாம்பல் இல்லாமல். இலங்கையில் பறங்கியர் சமையலிலிருந்து வந்த லம்பிரைஸ், கறிச்சாற்றில் வெந்த சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் கட்டி ஓவனில் வைத்து எடுப்பது. ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் மண்சட்டியில் அரிசி, முந்தைய வேளைக் கறியில் மிஞ்சியது, கொண்டைக்கடலை, முழுப் பூண்டு எல்லாம் போட்டு ஓவனில் சுடும் சோறு சாதாரண வீட்டுச் சாப்பாடு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நான் சொல்லும் சோறு பிரியாணி ஆகாது. அரிசியைப் பாதி வேகவைத்து வடித்துத் தம்மில் போடும்போது வரும் உதிரிப் பதம் இதில் வராது. கல்யாணப் பந்திக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கும் துணிச்சல் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவுக்கு அந்தப் பதத்தை எதிர்பார்ப்பதுதான் அதிகம்.

குக்கர் இருக்க ஓவன் எதற்கு என்ற கேள்வி இதைவிட வலுவானது. எரிபொருள் செலவில் குக்கர்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. 1500 வாட் ஓடிஜி சூடாவதையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போகாது. உரிய சூடு வந்ததும் தானே அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் இன்னும் குறையும். வாரம் இரண்டு நாள் என்றால் இரண்டு மாத பில்லில் அதிகம் போனால் 25 யூனிட் அளவு ஏறலாம். ஏசி ஓடும் வீட்டில் இது தெரியக்கூடத் தெரியாது. அரசு தரும் இலவச யூனிட்டுகளுக்குள் அடக்கிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் இதற்காக ஓவன் வாங்கத் தேவையும் இல்லை. அடி கனத்த பாத்திரத்தை தோசைக்கல்லின் மேல் ஏற்றி, சிறு தீயில் மூடி வைத்தாலும் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும்; அடிப்பிடிக்கிறதா என்று நடுவில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். குக்கரில் சிக்கல் வேறு: விசில் எண்ண ஆள் வேண்டும். ஒரு விசில் கூடினால் சீரகச் சம்பா களியாகிவிடும்.

ஆட்டுக்கறிக்கு இந்த 45 நிமிடம் போதாது. அதை முதலில் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, அந்தச் சாற்றையே அளந்து கொதிக்கவைத்து அரிசிக்கு ஊற்றினால் சரியாக வரும். வேலை மட்டும் கொஞ்சம் கூடும். மிஞ்சிய சோற்றைப் பாத்திரத்தோடு இரவு முழுக்க மேடையில் வைத்துவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அரிசியில் இருக்கும் சிலவகைக் கிருமிகளின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி அவை விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பாடு முடிந்த கையோடு அகலமான தட்டில் பரப்பி, சூடு ஆறியதும் பிரிட்ஜுக்குள் வைத்தால் மறுநாள் மதிய டப்பாவுக்கு ஆகும்.