பாவம், எட்ஸல்!

பி.காம். படித்த தோஷம்... எந்தக் காரைப் பார்த்தாலும் அழகுக்கு முன்னால் லாப நஷ்டம்தான் என் கண்ணில் படும். பழைய அமெரிக்கக் கார்களில் என் மனசைப் பிடித்தது, ஃபோர்டு கம்பெனி 1957 செப்டம்பரில் இறக்கிய ‘எட்ஸல்’.

பேர் வைப்பதற்கே பெரிய கூத்து! மரியான் மூர் என்ற கவிஞரைக் கேட்டார்கள். அந்த அம்மாள் ‘உட்டோப்பியன் டர்ட்டில்டாப்’ என்றெல்லாம் எழுதி அனுப்பினார். (ஆமையையா ஓட்டுவது?) ஆயிரக்கணக்கில் பேர்களை அலசிவிட்டு, கடைசியில் ஹென்றி ஃபோர்டின் மறைந்த மகன் பேரையே வைத்தார்கள். குடும்பத்துக்கு அதில் இஷ்டமில்லை.

ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில், ஸ்டியரிங் நடுவில், கியர் பட்டன்கள்! முன்பக்க கிரில்லைப் பார்த்து ‘டாய்லெட் ஸீட்’ என்று சிரித்தார்கள். 1958-ல் பொருளாதார மந்தம் வேறு. 1959 நவம்பரில் கடையைக் கட்டியாச்சு. நஷ்டம் சுமார் 25 கோடி டாலர்.

பணம் போகட்டும் சார், 1964-ல் மஸ்டாங் வந்து அள்ளிக் கொடுத்துவிட்டது. எனக்கு ஆறாதது வேறு. எட்ஸல் ஃபோர்டு நல்ல ரசனைக்காரர். மாடல் டி-யை விடமாட்டேன் என்று அடம்பிடித்த அப்பாவோடு மல்லுக்கட்டி, 1927-ல் மாடல் ஏ வரக் காரணமானவர். லிங்கன் கான்டினென்டலின் அழகும் அவர் யோசனைதான். 1943-ல், 49 வயசில் போய்விட்டார். தன் பேர் வைத்த காரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் இன்றைக்கும் ஒரு புதுச் சரக்கு ஊத்திக்கொண்டால், அவர் பேரைத்தான் சொல்கிறார்கள்.