கனமான கத்தி என்னும் பெரிய பொய்

"கத்தின்னா கையில வெயிட்டா நிக்கணும் சார்!"

பாத்திரக் கடையிலிருந்து இணையக் கடை வரைக்கும் கத்தி விற்கிறவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வசனம் இது. வாங்க வந்தவரும் கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். 'ஆமா, நல்ல கனம்' என்று தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து தக்காளியை அறுத்தால் தக்காளி நசுங்குகிறது. உடனே பழி தக்காளி மேல்... "ரொம்பப் பழுத்துடுச்சு!"

தப்பு தக்காளி மேல் இல்லை. அறுக்கிறதுக்கும் கனத்துக்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் ஒருமுறை பழவேற்காடு போய் வரலாம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. போகிறவர்கள் பூநாரை பார்க்கிறார்கள், டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். மீன் நறுக்கித் தரும் பெண்கள் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்க்கிறவர்கள் குறைவு. கத்தியைப் பற்றிய முழுப் பாடமும் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் முன்னால் இருப்பது அருவாமனை. பலகையைக் கால் அழுத்திக்கொள்கிறது. இரண்டு கையும் மீனைப் பிடித்திருக்கின்றன. மீன்தான் இரும்பை நோக்கிப் போகிறது, இரும்பு அசைவதே இல்லை. இப்போது அந்தக் கடைக்காரரைக் கேட்க வேண்டும்: கத்தியே அசையாத இடத்தில் கத்தியின் கனத்துக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை! அங்கே அறுப்பது இரும்பின் வாய் மட்டும்தான். அந்த வாய் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு சுத்தமாக மடவை இரண்டாகிறது.

சரி, அருவாமனையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படகில் ஏற முடியாது. படகில் வேண்டியது சின்னக் கத்தி, மடக்குக் கத்தியோ உறையில் செருகும் கத்தியோ. வலையில் சிக்கலான நைலான் நூலை அறுக்க, நண்டின் கொடுக்கைச் சேர்த்துக் கட்டும் கயிற்றை நறுக்க, சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெங்காயம் அரிய... நாள் முழுக்க இதே மாதிரி சின்னச் சின்ன அறுப்புதான். கரையிலும் அப்படித்தான். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி பின்னுவது பல பேருக்குத் தெரியும். ஓலையை ஒரே அகலத்தில் நீளமாகக் கிழித்தெடுக்கத் தடித்த கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். ஓலை நடுவில் பிய்ந்துகொண்டு போகும்.

காரணம் ரொம்ப எளிது. கத்தி என்பது ஒரு ஆப்பு. உள்ளே நுழையும்போது பொருளை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மெல்லிய தகடு கொஞ்சமாகத் தள்ளும், தடித்த தகடு நிறையத் தள்ளும். கேரட்டைத் தடிக்கத்தியால் நறுக்கும்போது 'டக்' என்று உடைகிற சத்தம் வருகிறதே, அது அறுபடும் சத்தம் இல்லை, பிளக்கும் சத்தம். மீன் சதையிடம் அந்த விறைப்பும் கிடையாது. அதனால் அது பிளக்காது, நசுங்கும். கருவாட்டுக்காகக் கீறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சுத்தமான கீறலுக்குள் உப்பு ஒரே சீராக இறங்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதுகு தடிப்பாக இருந்தாலே கெட்ட கத்தி என்று அர்த்தம் இல்லை. முதுகிலிருந்து வாய் வரைக்கும் ஒரே சரிவாக இழைத்துக் கொண்டுவந்திருந்தால், 3 மில்லிமீட்டர் முதுகு உள்ள கத்திகூட நன்றாக அறுக்கும். சிக்கல் எங்கே என்றால், முக்கால்வாசி அகலம் வரைக்கும் அதே 3, 4 மில்லிமீட்டர் தடிப்போடு வந்து, கடைசியில் மட்டும் சட்டென்று சரித்துவிட்டு 'ஷார்ப்' என்று சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான். அந்தக் கத்தியில் முகம்கூட மழிக்கலாம், ஆனால் ஒரு ஆப்பிளைப் பாதி வரைக்கும் கொண்டுபோவதற்குள் மாட்டிக்கொள்ளும். கூர் வேறு, மெல்லிசு வேறு. நல்ல கத்திக்கு இரண்டும் வேண்டும்.

இது ஒன்றும் நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி இன்றைக்கும் விற்கிறது. ஒரு மரப்பிடி, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு, 1955-இலிருந்து அதைத் திறந்த நிலையில் பூட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். குடியானவர்களின் கத்தி அது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் பழைய ஆக்சா பிளேடைத் தேய்த்துக் கத்தி செய்யும் வழக்கம் உண்டு. பார்க்க ஒரு அழகும் இருக்காது. அறுத்தால் தெரியும் அதன் அருமை.

ஆனால் நம் கல்லூரி வட்டத்தில் கதையே வேறு! கறுப்புப் பூச்சு, 'மிலிட்டரி', 'டாக்டிகல்' என்று பெயர், பிடியில் கண்ணாடி உடைக்க ஒரு கூம்பு, முதுகில் ரம்பப் பல். மாலை நேரத்தில் மெஸ் வாசலில் ஒரு மாம்பழத்தை அறுக்கப் போகிறவருக்குக் கண்ணாடி உடைக்கும் கூம்பு எதற்கு? வாங்குவது கத்தியை இல்லை, சினிமாவை. அந்தச் சினிமாவுக்குக் கொடுக்கும் காசில் பழவேற்காட்டில் ஒரு குடும்பம் பல வருடத்துக்கான கத்தி வாங்கிவிடும். :)

எதிர்க்கேள்வி தயாராக இருக்கும்: "மெல்லிசா இருந்தா ஒடஞ்சிடாதா?"

உடையும். நெம்பினால் கண்டிப்பாக உடையும். மட்டி ஓட்டைத் திறக்கவோ, பெயிண்ட் டப்பா மூடியைக் கிளப்பவோ, பெரிய கொடுவாவின் தலையைப் பிளக்கவோ மெல்லிய கத்தி ஆகாது. அதற்கு வெட்டுக்கத்தி தனியாக இருக்கிறது. மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்ட தடிக்கயிற்றுக்குப் பல் வைத்த கத்திதான் வேகமாக வேலை செய்யும். இதெல்லாம் உண்மை. ஆனால் வருடத்துக்கு நான்கு முறை வரும் வேலைக்காகத் தினமும் நானூறு முறை வரும் வேலையைக் கெடுத்துக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்? வெட்டுவது வேறு, அறுப்பது வேறு, நெம்புவது வேறு. மூன்றையும் செய்யும் கத்தி மூன்றையும் மோசமாகத்தான் செய்யும்.

உவர்நீர் ஊருக்கு எது சரி? ஓப்பினெலைப் புகழ்ந்தாயிற்று என்பதற்காக அப்படியே தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடக் கூடாது. அதன் மரப்பிடி நனைந்தால் உப்பும், மடக்கிய தகடு வெளியே வர அடம் பிடிக்கும். கார்பன் எஃகு வகை என்றால் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். இங்கே துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் பிடியும்தான் பொருத்தம். மடக்குக் கத்தியே வேண்டுமென்றால் பூட்டு அவசியம். மீன் கொழகொழப்பில் கத்தி விரல் மேல் மடங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மூட்டுக்குள் செதிலும் மணலும் போய்ச் சேரும், அதனால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். நாள் முழுக்க மீன் வேலை என்றால் மடக்காத சின்னக் கத்தியும் ஒரு உறையும் இன்னும் நல்லது.

கடையில் சோதிக்க மூன்று வழி. கத்தியின் முனையை உங்கள் கண்ணுக்கு எதிரே (தள்ளி வைத்துதான்!) பிடித்து, முதுகிலிருந்து வாய் வரைக்கும் தடிப்பு எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். ஒரு தாளை அறுத்தால் கூர் தெரியும். ஒரு ஆப்பிளையோ கேரட்டையோ அறுத்தால் மெல்லிசு தெரியும். தாளோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் கையில் இருக்கிறது.

கடைசியாகச் சாணை. வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் தகடு சூடாகி நீலம் பூத்தால், ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். சாதாரணக் கார்பன் எஃகுக் கத்தியில் அந்த இடத்தின் கெட்டித்தன்மை குறைந்துவிடும். இன்னொரு விஷயம், தீட்டத் தீட்டக் கத்தியின் அகலம் குறைகிறது, வாய் தடித்த பகுதிக்கு ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் பழைய கத்தி கூராக இருந்தும் அறுக்க மாட்டேன் என்கிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்றால் ஐந்தொகையில் வரும் ஒரு வரி. மீன் நறுக்குகிற பெண்ணுக்குத் தேய்மானம் கண்ணெதிரே நடக்கிறது. அதனால் வெறும் வாயை மட்டும் தீட்டாமல் அதற்கு மேலே உள்ள சரிவையும் அவ்வப்போது கல்லில் தேய்த்து மெலிதாக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக்கு 200 மீன், மீனுக்கு 5 விநாடி மிச்சம் என்று வைத்துக்கொண்டால் 1000 விநாடி. கிட்டத்தட்ட 17 நிமிடம். ஆனால் உண்மையான லாபம் நேரத்தில் இல்லை, கையில் இருக்கிறது. அறுபடாத கத்தியைத்தான் ஆள் அழுத்துகிறார். அழுத்தும்போதுதான் வழுக்குகிறது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் காயத்தின் வழியாக உள்ளே போனால் கையை மட்டுமில்லை, உயிரையே பதம் பார்க்கக் கூடியவை. தினக்கூலிக்குக் கை நனைக்கிறவருக்கு ஒரு விரலில் கட்டு என்றால் அத்தனை நாளும் அடுப்பு யோசிக்கும்.

படகுக்கு மானியம், எஞ்சினுக்கு மானியம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும், வேண்டியதுதான். ஆனால் தினமும் கையில் இருக்கும் அந்தச் சின்னத் தகட்டைப் பற்றிப் பேச யாரும் இல்லை, ஏனென்றால் அதில் ரிப்பன் வெட்ட முடியாது.

அடுத்த முறை கடைக்காரர் "வெயிட்டா நிக்கும் சார்" என்று சொன்னால் ஒரு பதில் போதும்: "நிக்க வேணாம் அண்ணே, அறுத்தா போதும்."